காலி பென்டிரைவ்

என் பொத்தான் கடைக்கு நேர் மேலே எம்ப்ராய்டரி மெஷின் ஓடுகிற வீடு இருக்கிறது. அங்கே மெஷின் ஓடினால் இங்கே அலமாரியில் கண்ணாடி டப்பாக்களுக்குள் என் பொத்தான்கள் சிணுங்கும். எட்டு வருஷமாகக் கேட்டுப் பழகியதால் அது எனக்குச் சத்தமாகவே படுவதில்லை. நின்றால்தான் காதுக்குள் என்னவோ போல் இருக்கும். அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டரை ஆகியும் பொத்தான்கள் வாயைத் திறக்கவில்லை. விடிகாலையில் பிடித்த மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாடிப்படியில் தடதடவென்று சின்னவள் இறங்கி வந்தாள். காலில் செருப்பு இல்லை, தலை சீவவில்லை.

"அக்கா, உங்க பில் போடுற கம்ப்யூட்டர் ஓடுதா?"

"நேத்து ஓடுச்சு. இன்னைக்கு அதுகிட்ட இன்னும் கேக்கலை."

"கேளுங்கக்கா. சீக்கிரம் கேளுங்க. எங்களுது போயிடுச்சு."

அந்த வீட்டில் மூன்று பேர். மெஷினை ஓட்டுகிறவளை நானும் அண்ணி என்றுதான் சொல்வேன். என்னைவிடப் பத்து வயது இளையவள்தான், ஆனாலும் அவள் நாத்தனார் ஒரு நாளைக்கு நூறு தடவை 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் தெருவுக்கே அண்ணியாகிவிட்டாள். அவள் புருஷன் பார்சல் வேன் ஓட்டுகிறார். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். மூன்றாவது ஆள் அந்த நாத்தனார். முப்பத்து நான்கு வயதாகியும் எல்லோருக்கும் சின்னவள். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்த புதிதில் தைத்து முடித்த துணியில் நூல் முனை வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதில்தான் டிசைன் போடுவது. ஒரு படத்தை எடுத்து, எந்த இடத்தில் எந்த ஊசி எந்தப் பக்கம் சாய்ந்து எத்தனை தையல் போட வேண்டும் என்று பிரித்து எழுதுகிற வேலை. அதைக் குட்டிப் பென்டிரைவில் ஏற்றி மெஷினில் செருகினால் பன்னிரண்டு ஊசியும் தானாகத் தைக்கும்.

அண்ணிக்குப் பேச்சு என்றாலே சோம்பல். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றை எடுத்துப் போடுவாள். ஒரு ஆர்டர் தைத்து முடித்து மூட்டை கட்டி வேனில் ஏறிவிட்டால் அவள் சொல்கிற வார்த்தை 'காலி'. முதல் முறை நான் பயந்தே போனேன். 'ஆஸ்பத்திரி கோட்டெல்லாம் காலி' என்று அவள் சொன்னதும் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று படியேறி ஓடினேன். வேலை முடிந்தது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் பெயர் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் தலையில் அடித்துக்கொள்ளும்போது உதவும்.

அன்றைக்கு என்ன விசேஷம் என்றால், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சைக்கிள் சங்கத்தின் செயலாளர் சாம்பிள் பார்க்க வருவதாக இருந்தார். இருநூறு ஜெர்கின். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தகைவிலான் குருவி. அந்தக் குருவி முழுக்க முழுக்கச் சின்னவளின் கைவேலை. அதுவரை அவள் போட்டதெல்லாம் பள்ளிக்கூட முத்திரை, கம்பெனிப் பெயர். இதற்காக மூன்று வாரம் மொட்டைமாடிக்குப் போய் மின்கம்பியில் உட்காரும் குருவிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முப்பத்தெட்டாயிரம் தையல் என்று அவள் சொல்லும்போது முகம் அப்படி மலரும்.

அவள் அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் தங்கை தன் காலில் நிற்க வேண்டும், நமக்குப் பிறகு அவளுக்கு யார் என்ற கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது. தெரிந்தவர் மூலமாக வெளியூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்து வைத்திருந்தார். ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு கவுண்டரில் நிற்க வேண்டும். சின்னவள் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார். இந்த ஜெர்கின் ஆர்டர் வந்தால் நீ டிசைன் போட்டு இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம், வராவிட்டால் திங்கட்கிழமை கிளம்பு. இதைச் சொல்லும்போது அண்ணி பக்கத்தில் நின்று பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாளாம், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். நாத்தனார் போனால் போதும் என்றுதான் நினைக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன், எனக்கென்ன.

மேலே போய்ப் பார்த்தேன். ஏழு மணிக்குக் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. மூன்றாவது தடவை வந்தபோது கம்ப்யூட்டர் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. சுற்றிச் சுற்றிக் கறுத்து, மறுபடி முதலிலிருந்து சுற்றின. அண்ணி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நூலும் கோத்துத் தயாராக இருந்தது.

"குருவியைத் தனியா எடுத்து வைக்கலையா?" என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி முடிச்சேன் அக்கா. இறக்கை நுனி கொஞ்சம் தடிப்பா இருந்துச்சு, காலையில சரி பண்ணிட்டு ஏத்தலாம்னு விட்டுட்டேன்" என்றாள் சின்னவள். "அது ஒண்ணுதான் இருக்கு. அதுவும் இதுக்குள்ள இருக்கு."

எங்கள் பகுதிக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒரு தம்பி உண்டு. ஃபார்மட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எந்த நோய்க்கும் அவனிடம் அந்த ஒரே மருந்து. என் ஃபோனில் அவனைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஃபார்மட் பண்ணிடலாம் அக்கா" என்றான், நான் பேசி முடிக்கும் முன்னால். "நான் வெளியூர்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து பண்றேன்."

"அதுல என் டிசைன் இருக்கு சார்" என்றாள் சின்னவள்.

"அது போயிடும்."

"போகக் கூடாது."

"அப்ப ஃபார்மட் பண்ண முடியாதே."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"எதையும் தொடாதீங்க, நான் வர்ற வரைக்கும் மூடி வைங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். சின்னவள் ஃபோனை என் கையில் கொடுத்தாள். அவள் கண்ணில் அழுகை இல்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இருக்குமே ஒரு வேகம், அதுதான் இருந்தது.

"பூட் பண்ற பென்டிரைவ் ஒண்ணு செய்யணும் அக்கா. உங்க கம்ப்யூட்டர்ல செஞ்சுடலாம்."

"அது ஏற்கெனவே பூட்டிக்கிட்டுத்தானே கிடக்கு. இன்னும் பூட்டணுமா?"

"பேருதான் பூட்டு. வேலை திறக்கிறது." படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள். "உள்ள தாப்பாள் போட்டுக்கிட்டு ஒருத்தர் மயங்கிக் கிடக்கிறார்னு வைங்க. அவரால எழுந்து திறக்க முடியாது. நாம இன்னொரு ஆளைத் தயார் பண்ணிப் பின்பக்கமா உள்ள அனுப்புறோம். அவர் போய் வீட்டைத் திறப்பார். மயக்கம் தெளிஞ்சா சரி, தெளியலைன்னாலும் சாமானையாவது வெளிய எடுத்துடலாம்."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் எனக்கும் அந்த வேகம் தொற்றிக்கொண்டது. ஷட்டரை இறக்கிவிட்டு, வாசலில் 'சற்று நேரத்தில் வருகிறேன்' பலகையை மாட்டினேன். பதினேழு வருஷத்தில் பகலில் அதை மாட்டியது என் கண்ணில் ஆபரேஷன் செய்தபோது மட்டும்தான்.

ஒன்பது மணிக்கு அந்த இன்னொரு ஆளை இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கினோம். ஐந்து ஜிபி. நம் கடை இணையம் எறும்பு சர்க்கரை இழுக்கிற மாதிரி இழுத்தது. பத்து மணிக்கு நாற்பது சதவீதம். ஒரு வாடிக்கையாளர் ஷட்டரைத் தட்டி, சட்டைக்கு நாலு துளைப் பொத்தான் வேண்டும் என்றார். இரண்டு துளைப் பொத்தானை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அப்புறம்தான் கவனித்தேன். மழை நின்றால் செல்ஃபோன் கோபுரம் நன்றாக இழுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி நான் ஜன்னலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். சின்னவள் ஒரு தாளில் மணியை எழுதி வைத்துக் கணக்குப் போட்டாள். குருவி தைக்க ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். ஃபிரேம் மாட்ட, துணி சுருங்காமலிருக்க அடியில் பின்துணி வைக்கக் கால் மணி. அப்படியென்றால் இரண்டரைக்குள் டிசைன் மெஷினுக்குள் போயாக வேண்டும்.

பதினொன்றரைக்கு இறங்கி முடிந்தது.

"பெரிய பென்டிரைவ் வேணும் அக்கா. மெஷினுக்குப் போடுறதெல்லாம் ரெண்டு ஜிபி, பழைய மெஷின் அதுக்கு மேல எடுக்காது. இதுக்கு எட்டாவது இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மாடியைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணி, காலி பென்டிரைவ் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. பெருசா."

அண்ணி எடுத்துக்கொண்டு வந்தாள். புடவைத் தலைப்பில் மழைத்துளியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"இது காலிதானே?" என்று கேட்டேன்.

"காலிதான். மேலயே எழுதியிருக்கே" என்றாள். உண்மைதான். வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் கொட்டை எழுத்தில் 'காலி' என்று எழுதியிருந்தது. அவள் மேலே போய்விட்டாள். நான் செருகினேன். சின்னவள் அதைத் தேர்ந்தெடுத்தாள். இந்த டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. காலியாக இருப்பதில் அழிய என்ன இருக்கிறது. மௌஸ் என் கைப்பக்கம் இருந்ததால், ஆமாம் என்று நான்தான் அழுத்தினேன்.

பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து நூறைத் தொட்டது. சின்னவள் கைதட்டினாள். எனக்கும் ஏதோ குழந்தை பிறந்த மாதிரி இருந்தது. அவள் பென்டிரைவைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, இது காலி."

"காலிதான். அண்ணியே சொன்னாளே."

"காலி இல்லக்கா. *காலி*." அவள் குரல் கீழே போய்விட்டது. "முடிஞ்ச டிசைனெல்லாம் போட்டு வைக்கிறது இது."

அப்போதுதான் நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் சின்னது, இடம் கிடையாது. ஒரு ஆர்டர் காலியானால் அதன் டிசைனை இந்தப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை அழித்துவிடுவது அண்ணியின் வழக்கம். பழைய வாடிக்கையாளர் திரும்பி வந்தால் இதிலிருந்து எடுப்பாள். எட்டு வருஷ வேலை. வீட்டிலேயே நிறைந்து கிடந்த பென்டிரைவ் ஒன்றே ஒன்றுதான், அதன் மேல் காலி என்று எழுதியிருந்தது.

ஃபார்மட்டுக்கு மறுபடி ஃபோன் போட்டேன். "மேல எழுதிட்டா எழுதினதுதான் அக்கா, ஒண்ணும் கிடைக்காது" என்றான். பிறகு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, "ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று எனக்குப் புத்தி சொன்னான்.

இரண்டு பேரும் படியேறினோம். சொல்ல வாய் வராமல் நான் பின்னால் நின்றேன். சின்னவள்தான் சொன்னாள். அண்ணி எண்ணெய்த் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"எல்லாமா?"

"எல்லாம் அண்ணி."

"கேட்டப்ப, உள்ள இன்னும் எதையோ வைக்கப் போறீங்கன்னு நெனச்சேன். பெட்டியில புதுசா ஒண்ணை வச்சா இருக்கிறது எங்க போகும்" என்றாள் அண்ணி. அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான்தான் அண்ணி அழுத்தினேன்" என்றேன். என் நாக்கும் அவளை அண்ணி என்கிறது பாருங்கள். "இவ இல்ல. என் மேல கோபப்படு."

"நான் பார்க்காம விட்டது தப்பு" என்றாள் சின்னவள். "அவசரத்துல கண்ணு தெரியலை."

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜன்னலில் மழை அடித்தது. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டே கால் ஆச்சு. நாலு மணிக்கு வர்றவர் வரத்தான் போறார். அதுல ஏத்தினது ஏத்தினதாவே இருக்கட்டும், போய்க் குருவியை எடு."

சின்னவள் பென்டிரைவைச் செருகினாள். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டதும் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் அது பென்டிரைவைப் பார்க்கும். தட்டினாள். பழையபடி புள்ளிகள் சுற்றின. மறுபடி நிறுத்திப் போட்டாள், மறுபடி புள்ளிகள். நாலாவது தடவைதான் சந்தேகம் வந்து அந்தப் பட்டனைக் கத்திரி முனையால் நெம்பிப் பார்த்தாள். அடியில் எட்டு வருஷ நூல் பிசிறு பல நிறத்தில் மெத்தை போல அடைந்து கிடந்தது. அழுத்தினால் பட்டன் இறங்கினால்தானே. நான் கீழே ஓடி என் கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். என் முழங்கால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது தடவை திரை கறுத்தது. மேலே ஒரு சின்னக் கோடு துடித்தது. பிறகு நீல நிறம் விரிந்தது.

"நம்ம ஆள் உள்ள போயிட்டார்" என்றாள் சின்னவள் மூச்சுக்குள். என் தோளை அவள் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலித்தது.

'கணினியைச் சரிசெய்' என்ற இடத்தை அழுத்தினாள். அது தானாகச் சரிசெய்யப் பார்த்தது. பார்த்தது, பார்த்தது, ஒன்றே முக்கால் வரை பார்த்தது. இடையில் நான் முக்குக்கடையில் பன்னும் வாழைப்பழமும் வாங்கி வந்தேன். உரித்த பழத்தை யாரும் தின்னவில்லை. கடைசியில், சரிசெய்ய முடியவில்லை என்று இரண்டு வரியில் கைவிரித்துவிட்டது.

"மயக்கம் தெளியலை" என்றேன்.

"சாமானை எடுத்துக்கலாம்" என்றாள் அவள். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை அடித்தாள். கணக்குப் பிள்ளைகள் குறிப்பு எழுதுகிற சாதாரண நோட்பேட் வந்து நின்றது.

"இதுல என்ன எழுதப் போற?"

"எழுதலை அக்கா. இதுல 'திற'ன்னு ஒண்ணு இருக்கே, அது வழியா வீடு முழுக்கச் சுத்திப் பாக்கலாம். எங்கயோ படிச்சேன். வேலை செய்யுமான்னு தெரியலை."

திற என்பதை அழுத்தினாள். ஒரு சின்ன ஜன்னல் வந்தது. வழக்கமாக சி என்று இருக்கிற டிரைவின் எழுத்து டி என்று மாறியிருந்தது. அதற்குள் போனாள். அண்ணியின் பெயரில் இருந்த அறைக்குள் போனாள். 'ஜெர்கின்' என்ற உறையைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. வெள்ளை.

மூன்று பேரும் அந்த வெள்ளையைப் பார்த்தோம். நாள் முழுக்க ஓடி, எட்டு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்து, வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று நினைத்தேன். அண்ணி சின்னவள் முதுகுக்குப் பின்னால் வந்து குனிந்தாள்.

"கீழ என்னமோ எழுதியிருக்கு. என்ன அது?"

"இந்த மாதிரிக் கோப்பு மட்டும் காட்டும்னு..." சின்னவள் பாதியில் நிறுத்தினாள். "அண்ணி, இது எழுத்து மட்டும்தான் காட்டுது. படம் காட்டாது. இருங்க."

அந்த இடத்தில் 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்றினாள். வெள்ளையில் ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று என்று பெயர்கள் வந்து குதித்தன. குருவி ஒன்று, குருவி இரண்டு, குருவி சரி, குருவி கடைசி, குருவி கடைசி புதுசு. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி, "எது?" என்று மட்டும் கேட்டாள். "கடைசி புதுசு" என்றாள் சின்னவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

குட்டிப் பென்டிரைவ் ஒன்றைச் செருகி, அந்தக் கோப்பை எடுத்து அதில் ஒட்டினாள். இந்தத் தடவை அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மூன்று பேரும் வாய்விட்டுப் படித்தோம். அண்ணி அதை வாங்கிக்கொண்டுபோய் மெஷினில் செருகினாள். குட்டித் திரையில் குருவி தலைகீழாகத் தெரிந்தது. ஃபிரேமில் ஜெர்கின் துணி ஏற்கெனவே மத்தளம் போல இழுத்து மாட்டியிருந்தது. எப்போது மாட்டினாள் என்று நாங்கள் பார்க்கவில்லை. மணி இரண்டு பத்து.

"இறக்கை நுனி" என்றாள் சின்னவள். "தடிப்பா இருக்கே அண்ணி, சரி பண்ணலையே."

"ஓட்டத்துல பாத்துக்கலாம். நுனி வரும்போது சொல்லு, வேகத்தைக் குறைச்சு நூலைத் தளர்த்திடுறேன்."

மெஷின் ஓடத் தொடங்கியது. கீழே என் பொத்தான்கள் சிணுங்குவது தரை வழியாகக் காலுக்குத் தெரிந்தது. ஊசிகள் முறை வைத்து இறங்கின. முதலில் வயிறு வெள்ளையாக வந்தது, பிறகு கழுத்தில் துருநிறம், பிறகு முதுகு. முதுகில் கறுப்பும் நீலமும் கலந்து, தலையைச் சாய்த்தால் நிறம் மாறியது. சின்னவள் ஒவ்வொரு நூல் மாறும்போதும் பெயர் சொன்னாள். அண்ணி பாபின் தீருவதற்கு முன்பே மாற்றினாள். ஒரு தடவை நீல நூல் அறுந்தது. கோத்து ஓட்ட அவளுக்குப் பத்து விநாடி ஆகியிருக்காது. இறக்கை நுனி வந்தபோது, "இப்ப" என்றாள் சின்னவள். அண்ணி குறைத்தாள். முள் முனை மாதிரி மெலிந்து அது முடிந்தது. பாம்பும் கீரியும் என்று தெரு சொல்கிற இரண்டு பேர் இவர்கள்தானா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு முடிந்தது. பின்துணியைக் கிழித்து, நூல் முனை வெட்டி, இஸ்திரி போட்டு மேஜையில் விரித்தார்கள். குருவி துணியை விட்டுப் போய்விடும் போல இருந்தது. நான் பொத்தான் விற்கிறவள், எனக்கு அழகைப் பற்றிப் பேசத் தெரியாது. கையை எடுத்து அதன் மேல் வைக்காமல் இருக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லுவேன்.

செயலாளர் நாலு பத்துக்கு வந்தார். மெலிந்த மனிதர், ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. குருவியைக் குனிந்து பார்த்தார். சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நல்லா வரும்னு எதிர்பாக்கலைங்க" என்றார். பிறகு ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நேத்தே நான் ஃபோன் பண்ணியிருக்கணும். கமிட்டியில பிரிண்ட்டே போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. தையல் போட்டா மழையில கனக்கும்னு சொல்றாங்க. எங்க பேச்சு எடுபடலை. நேர்ல வந்து சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இதைக் காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டு வருஷம் பிழைத்திருக்கும். அவர் தயங்கிக்கொண்டே, "இதை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா? என் பொண்ணுக்குக் குடுப்பேன்" என்றார்.

"முதல் தையல் வீட்டை விட்டுப் போகாது" என்றாள் அண்ணி.

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார். சின்னவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க இருந்த வேகம் முகத்திலிருந்து இறங்கியிருந்தது. "டிசைன் நல்லா இருக்குன்னாரே, அது போதும்" என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னாள். அண்ணி குருவித் துணியின் ஓரத்தில் பேனாவால் ஏதோ எழுதி, உள் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் அண்ணன் வந்தபோது மழை விட்டிருந்தது. மழை விடட்டும் என்று கீழே நின்றிருந்த செயலாளரை வாசலிலேயே பார்த்து விஷயம் தெரிந்துகொண்டுவிட்டார். நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தங்கையின் தலையில் ஒரு தரம் கையை வைத்து எடுத்தார்.

"நீ நல்லாத்தான் செஞ்ச சின்னு. அவங்களுக்குக் குடுத்து வைக்கலை. திங்கட்கிழமை காலையில நானே வேன்ல கொண்டுபோய் விடுறேன். மூட்டை முடிச்சோட பஸ்ல போக வேண்டாம்."

"சரிண்ணா" என்றாள் அவள்.

உள் அறையில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. அண்ணி ஒரு கோணி மூட்டையைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் வாயை அவிழ்த்துக் கவிழ்த்தாள். துணித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தையல், ஓரத்தில் ஒரு எண். பள்ளிக்கூட முத்திரை, ஆஸ்பத்திரிப் பெயர், ஓட்டல் சின்னம், கால்பந்துக் குழுவின் புலி, குழந்தைப் போர்வையில் போட்ட யானை. மேஜை கொள்ளாமல் தரையில் சரிந்தன.

"என்னம்மா இது?" என்றார் அவர்.

"நானூத்திப் பதினாறு. எட்டு வருஷத்துல போட்ட டிசைன். இன்னைக்குக் காலையில ஒண்ணு விடாம உங்க தங்கச்சி அழிச்சுட்டா."

"நானும்தான்" என்றேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தங்கையைப் பார்த்தார். அவள் தலைகுனிந்து நின்றாள்.

"துணி இருக்கு. துணியைப் பாத்துத் திரும்பப் போடலாம்" என்றாள் அண்ணி. "எனக்கு அவ்வளவு வேகம் கிடையாது. அழிச்சவதான் போடணும். எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டு எங்க வேணும்னாலும் போகட்டும், நான் தடுக்க மாட்டேன்."

சின்னவள் நிமிர்ந்தாள். "போட்டுடுறேன் அண்ணி. சின்னது பெருசு எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ரெண்டு முடிச்சுடுவேன். ராவும் பகலுமா உக்காந்தா..."

"அவசரத்துலதான் கண்ணு தெரியாமப் போச்சுன்னு நீயே சொன்ன" என்றாள் அண்ணி. "மத்த வேலையும் இருக்கில்ல. வாரத்துக்கு ஒண்ணு போதும்."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார்.

"நானூத்திப் பதினாறு வாரம்னா எட்டு வருஷம் ஆகுமே."

"முதல்ல போடவும் அத்தனை வருஷம்தான் ஆச்சு" என்றாள் அண்ணி, கீழே விழுந்த யானையைக் குனிந்து எடுத்துக்கொண்டே. "ஃபோனை எடுத்து அந்தத் துணிக்கடைக்காரர்கிட்ட ஆள் வராதுன்னு சொல்லுங்க."